ஞாயிற்றுக்கிழமைப் பேச்சில் வராத பாதி

எழுத எனக்கு என்ன தகுதி என்று கேட்டால் பதில் இல்லை. பத்தாவதோடு நின்றவள். கிழக்குத் தாம்பரத்தில் வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறேன். பஸ்ஸில் யாராவது காலை மிதித்தால்கூட நான்தான் நகர்ந்துகொள்வேன். பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். இதைச் சொல்லாவிட்டால் எனக்கு மனசு ஆறாது.

எதிர்க்கட்சித் தலைவர் ஞாயிறுதோறும் பதினோரு மணிக்கு மக்களிடம் பேசுகிறார். கட்சி சேனலிலும் யூடியூபிலும் வரும். "நாங்கள் சொல்வதை மறைக்கிறார்கள், அதனால் நேராக உங்கள் வீட்டுக்கே வருகிறேன்" என்று முதல் வாரம் சொன்னார். எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது.

எங்கள் தெருமுனையில் கிளைச் செயலாளர் பந்தல் போட்டு டிவி வைப்பார். பேச்சு முடிவதற்குள் கூட்டத்தைப் போட்டோ எடுத்து மேலே அனுப்பியாக வேண்டுமாம். வீடு வீடாக வந்து, "பத்து நிமிஷம்க்கா, முகத்தைக் காட்டிட்டுப் போயிடுங்க" என்பார். போட்டோ எடுத்ததும் பாதிப் பேர் எழுந்துவிடுவார்கள். குறைகளைப் பேசி வாட்ஸ்அப்பில் அனுப்பினால் தலைவரே பேச்சில் போட்டுக் காட்டுவார் என்றும் சொன்னார்.

கோவளம் பக்கத்திலிருந்து மீன் கொண்டுவரும் அக்கா ஒருத்தி உண்டு. என் வீட்டெதிரே மழைநீர்க் கால்வாயில் சிலாப் இல்லாத இடத்தில் கூடையோடு விழுந்து கணுக்கால் உடைந்தது. இரண்டு மாதம் படுத்துவிட்டாள். அந்த சிலாப்பை உடைத்தவர்கள் கொடிக்கம்பம் நட வந்த இதே கட்சிக்காரர்கள். மாநகராட்சியில் கேட்டால், "கம்பம் நட்டவங்களைக் கேளுங்க" என்றார்கள். செயலாளரைக் கேட்டால், "அது மாநகராட்சி வேலைக்கா" என்றார்.

கால் கூடித் திரும்பி வந்த அன்று அக்கா என் போனில் பேசினாள்.

"இன்னா சார் ஆட்சி இது? நடக்கறதுக்கு ஒரு ரோடு கீதா? கார்ப்பரேஷன்காரன் கண்டுக்கவே மாட்றான். ஆனா பள்ளம் நோண்டுனது உன் ஆளுங்கதான் சார். கொடிய ஏத்திட்டுப் போய்கினே இருந்தாங்க. ஒரு கல்லு போட்டு மூடச் சொல்லு, உனக்குப் புண்ணியமாப் போவும்."

அனுப்பியது நான்.

அடுத்த ஞாயிறு அக்கா கூடையை என் வாசலில் வைத்துவிட்டு, முதல் வரிசையில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். தலைவர், "தாம்பரத்திலிருந்து ஒரு தாயின் குரல்" என்றார். அக்காவின் குரல் வந்தது. 'கண்டுக்கவே மாட்றான்' என்பதோடு நின்றுவிட்டது. தலைவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பந்தலில் ஒரே கைதட்டல்.

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். "மீதி எங்கம்மா? நீ அனுப்பலியா?"

எனக்கு முகமெல்லாம் எரிந்தது. யாரோ வெட்டியதற்கு நான் திருடி மாதிரி உட்கார்ந்திருந்தேன். எழுந்து செயலாளரிடம் போனேன். "அண்ணா, மீதியைக் காணோமே" என்றேன்.

"ஒரு நிமிஷம்தான்க்கா டைம். நல்ல பாகமா எடுத்துப் போட்டிருக்காங்க" என்று சிரித்தார்.

"நல்ல பாகம் உனக்கு, பள்ளம் எனக்கா?" என்றாள் அக்கா பின்னாலிருந்து. "தலைய நீ துண்ணுட்டு, முள்ள என் இலைல போடுற."

சிரித்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மறைக்கிறார்கள் என்று சொல்லித்தானே தலைவர் பேச வந்தார்? நொண்டி நொண்டி மீன் விற்கிறவளின் குரலில் தனக்கு வேண்டியதை மட்டும் நறுக்கி எடுத்துக்கொண்டு அதற்குக் கண்ணீரும் விட்டால், அதற்கு என்ன பெயர்? நாங்கள் கேட்டது ஒரு சிலாப்.

நான் உட்கார்ந்திருந்த நாற்காலியைத் தூக்கினேன். முதுகில் கட்சிப் பெயர் எழுதியிருந்தது. என் வீட்டெதிரே கொடிக்கம்பத்தடியில் இருந்த அந்தப் பள்ளத்துக்குள் தலைகீழாகச் சொருகினேன், யாரும் விழாதபடி நாலு காலும் வெளியே தெரியட்டும் என்று. யாரும் தடுக்கவில்லை. எல்லோரையும் போட்டோவுக்கு நிறுத்திக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் காலை ஏழு மணிக்குச் செயலாளரின் ஆள் வந்து நாற்காலியை எடுத்து, கழுவி, வண்டியில் வைத்துக்கொண்டு போனார். பள்ளம் திறந்தே இருந்தது.