கதவில் தொங்கிய சூரை மீன்

"சிட் டவுன்" என்று என்னைப் பார்த்துச் சொல்கிறாள் துர்காதேவி. நான் ஏற்கெனவே உட்கார்ந்துதான் இருக்கிறேன். இருந்தாலும் மரியாதைக்கு ஒருமுறை அசைந்து உட்கார்ந்துகொள்கிறேன். இங்கே காலை ஆறரை, அவள் இருக்கும் மாலத்தீவில் ஆறு. ஊறுகாய் பாட்டிலில் போனைச் சாய்த்து வைத்துவிட்டு, அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் நடத்தப் போகும் பாடத்தை முழுசாக எனக்கு நடத்திக் காட்டுவாள். முடித்ததும் ஒரே கேள்விதான்.

"இன்னா ஆயா, பயந்த மாதிரி தெரியுதா?"

எனக்கு இங்கிலீஷ் தெரியாது. தமிழிலேயே ஓர் எழுத்து தெரியாது. அதனால்தான் என்னிடம் கேட்கிறாள். வார்த்தை புரிந்தவர்கள் வார்த்தையைக் கவனிப்பார்கள், நான் முகத்தைத்தான் கவனிப்பேன். "மூக்கு வேர்க்குது. உதட்ட நக்கிக்கினே கீற" என்பேன். துப்பட்டா நுனியால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, மறுபடியும் குட் மார்னிங்கிலிருந்து ஆரம்பிப்பாள்.

பழவேற்காடு ஏரிக்கரையில் எங்கள் குப்பம். என் மகன் முனிகிருஷ்ணனின் ஒரே பெண் அவள், வயது இருபத்து நான்கு. கும்மிடிப்பூண்டியில் ஒரு தனியார் பள்ளியில் ஒன்றரை வருஷம் இங்கிலீஷ் நடத்தினாள். கம்பெனி பஸ்களும் கன்டெய்னர் லாரிகளும் ஓடுகிற ரோட்டை, தினமும் வலது கையை முன்னால் நீட்டி, லாரியையே நிறுத்துகிறவள் மாதிரி கடப்பாள். இப்போது இருக்கிற தீவைச் சுற்றி நடக்க இருபது நிமிஷம் போதும். அங்கே லாரி கிடையாது, நாலு ஸ்கூட்டர்தான். ஆனாலும் மணல் தெருவைக் கடக்கும்போது கை தானாக நீண்டுவிடுகிறதாம். பக்கத்து அறையில் இருக்கும் தூத்துக்குடி கணக்கு டீச்சர் ஆரோக்கியமேரி, "இந்தா, ட்ராபிக் போலீஸ் வந்துட்டா" என்று சிரிக்கிறாளாம்.

போய் இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிறது. இன்னும் பெட்டியிலிருந்து துணிகளை எடுத்து அலமாரியில் வைக்கவில்லை. அன்றைக்கு உடுத்துவதை மட்டும் எடுத்துக்கொண்டு, ஜிப்பை இழுத்து மூடிவிடுகிறாள். கேட்டால், "இருக்கட்டும் ஆயா, அனுப்பிச்சிட்டாங்கன்னா சட்னு கெளம்பலாம்ல?" என்கிறாள்.

அனுப்பிவிடுவார்கள் என்ற பயம் சும்மா வந்ததில்லை. முதல் மூன்று மாதம் பார்த்துவிட்டுத்தான் வேலையை நிரந்தரம் செய்வார்களாம். இந்த வியாழக்கிழமை பெரிய டீச்சரம்மா இவள் பாடம் நடத்துவதைப் பார்க்கக் கடைசி பெஞ்சில் வந்து உட்காரப் போகிறாள். பிள்ளைகள் வாய் திறந்து இங்கிலீஷ் பேச வேண்டும். அந்தப் பிள்ளைகளோ வாயே திறப்பதில்லை. முதல் வாரம் கலகலவென்று பேசின பிள்ளைகள்தான். மூன்றாவது வாரத்திலிருந்து இவள் ஏதாவது கேட்டால் தலையைக் குனிந்துகொள்கின்றன. முன்பெஞ்சில் ஷிஃபா என்று ஒரு பெண். அவள் சுவரைப் பார்க்கிறாளாம், இவளைப் பார்ப்பதில்லையாம்.

திரும்பி வந்தால் கும்மிடிப்பூண்டி வேலை இல்லை, அங்கே வேறு ஆள் வந்தாயிற்று. ஊர் வாய் வேறு சும்மா இருக்காது. பக்கத்து வீட்டு லட்சுமியம்மாள் இப்போதே கேட்கிறாள்: "இன்னாக்கா, டீச்சரம்மா ஏரோப்ளேன்ல போனாங்களே, ரிட்டன் டிக்கெட்டும் சேத்தே போட்டுக்கினாங்களா?"

காரணம் போன வெள்ளிக்கிழமைதான் தெரிந்தது. அன்று பள்ளி விடுமுறை. நாஷ்டா சாப்பிட்டுக்கொண்டே பேச்சோடு பேச்சாகச் சொன்னாள்.

"வந்த புதுசுல கதவுல கவர்ல மீன மாட்டிட்டுப் போவாங்க ஆயா. சூரை மீன். எதுத்த ஊட்டு ஹவ்வாக்காதான், அந்த ஷிஃபாவோட அம்மா. நான் வாங்கவே இல்லியே! மூணு தபா திருப்பிக் குட்த்துட்டேன். எனக்கு சம்பளம் வருது, நானே வாங்கிக்குவேன்னு இங்கிலீஷ்லயே சொல்லிட்டேன்."

பெருமையாகத்தான் சொன்னாள். பக்கத்தில் தட்டோடு உட்கார்ந்திருந்த ஆரோக்கியமேரி, "அடிப்பாவி, எங்கிட்ட சொல்லவே இல்லையே!" என்று தலையில் கை வைத்தாள். புதிதாகக் குடி வந்தவர்களுக்கு வீட்டுக்கு வீடு மீன் கொடுப்பது அந்தத் தீவின் வழக்கமாம். அதைத் திருப்பிக் கொடுத்தால், உங்கள் ஊரும் வேண்டாம், உறவும் வேண்டாம் என்று சொன்ன மாதிரியாம்.

துர்காதேவியின் வாயில் வைத்த கவளம் அப்படியே நின்றது.

அவள் ஏன் அப்படிச் செய்தாள் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. எங்கள் குப்பத்தில், ஆம்பளை வலைக்குப் போக முடியாத வீட்டின் கதவில்தான் மீனை மாட்டுவார்கள். இவளுக்குப் பத்து வயதாக இருந்தபோது முனிகிருஷ்ணன் படகிலிருந்து வழுக்கி விழுந்து, முட்டி போய், ஏழு மாதம் படுத்துவிட்டான். எங்கள் கதவிலும் மடவை மீன் தொங்கியது. நான்தான் கழற்றி இவள் கையில் கொடுத்து, "போய்த் திருப்பிக் குட்த்துட்டு வா" என்றேன். மருமகள் கங்கம்மாள் அந்த வாரமே கம்பெனி கேன்டீன் வேலைக்கு வேன் ஏறினாள். நான் செய்தது தப்பு என்று இன்றைக்கும் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஆனால் மூன்று வீடு தள்ளிப் போய், அந்தக் கவரை நீட்டிக்கொண்டு நின்ற பிள்ளையின் மூக்கு அன்றைக்கும் வேர்த்திருந்தது.

"இப்ப நான் இன்னா பண்றது ஆயா? பேஜாரா பூட்ச்சே!"

"தப்புத் தண்டா பண்ணியா? கம்முனு பாடத்த நடத்து" என்றேன் நான்.

பக்கத்தில் நின்ற கங்கம்மாள் என் கையிலிருந்து போனைப் பிடுங்கினாள். அவள் என்னிடம் அப்படிப் பிடுங்கியது அதுதான் முதல் தடவை. "இவங்க பேச்சக் கேக்காத. நேரா அந்தம்மா ஊட்டுக்குப் போ. ஒரு மீன் குடுன்னு கேளு."

"கேக்கறதா? நானா?"

"நீதான். வாயத் தொறந்து கேளு."

அதற்கு ஐந்து நாள் பிடித்தது. சனிக்கிழமை தலைவலி என்றாள். ஞாயிறு அந்த வீட்டில் விருந்தாளி என்றாள். அடுத்த இரண்டு நாளும் வாசல் வரை போய்த் திரும்பி வந்தாளாம். காலையில் எனக்குப் பாடம் நடத்தும்போது குட் மார்னிங் சொல்லவே மறந்தாள்.

புதன்கிழமை சாயங்காலம். மறுநாள் பெரிய டீச்சரம்மா வருகிறாள். ஆரோக்கியமேரி தெருவில் நின்று போனைப் பிடித்துக்கொண்டு எங்களுக்குக் காட்டினாள். துர்காதேவி தெருவைக் கடந்தாள், வழக்கம் போல வலது கையை முன்னால் நீட்டி. இடது கையில், இங்கிருந்து கொண்டுபோன தூக்குப் பாத்திரம், அவள் அப்பன் பேர் பொறித்தது. ஹவ்வா வாசலுக்கு வந்தாள். நான் தினமும் கேட்கிற அத்தனை இங்கிலீஷில் இவளுக்கு ஒரு சொல்லும் வரவில்லை. உதடு அசைந்தது, அவ்வளவுதான். பிறகு இரண்டு கையாலும் தூக்கை நீட்டினாள்.

ஹவ்வா பாத்திரத்தைப் பார்த்தாள், இவளைப் பார்த்தாள். அதை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். தூக்கு போன பிறகும் இவள் கை இரண்டும் நீட்டியபடியே இருந்தன.

உள்ளேயிருந்து ஒரு சிறு பெண் வந்தாள். கயிறு பின்னிய நாற்காலி ஒன்றைத் தரதரவென்று இழுத்து வாசலில் போட்டாள். சுவரைப் பார்க்கவில்லை, இவள் முகத்தையே பார்த்தாள்.

"டீச்சர், சிட் டவுன்."

அந்தச் சொல் எனக்குத் தெரியும். துர்காதேவி நாற்காலி நுனியில் உட்கார்ந்து, வகுப்பில் பிள்ளைகள் கட்டுகிற மாதிரி, இரண்டு கையையும் கட்டிக்கொண்டாள்.