கண்ணகி வளர்த்த தவிட்டுப் புழு

கோழிக்குஞ்சுகள் ஒன்றையொன்று கொத்திக்கொள்ள ஆரம்பித்தபோது கண்ணகி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. குஞ்சு என்றால் கொத்தத்தான் செய்யும். ஆனால் தை கழிவதற்குள், வால்பக்கம் ஓர் இறகுகூட மிச்சமில்லாமல், ரத்தம் கட்டிய சதையோடு அவை மூலைக்கு மூலை ஒண்டி நின்றதைப் பார்த்ததும் அவள் ஒன்றைக் கூடையில் போட்டுக்கொண்டு மாட்டாஸ்பத்திரிக்கு நடந்தாள்.

எலவனாசூர்கோட்டை ஏரிக்கரை ஓரம் அவளுக்கிருந்தது ஒரு தொகுப்பு வீடும் வாசலில் ஒரு வேப்பமரமும். நிலம் கிடையாது. புருஷன் வீரமணி கரும்பு வெட்டுகிறவன். சில வருஷம் முன்னால் அரிவாள் பட்டுக் கணுக்காலில் வந்த புண்ணைக் கவனிக்காமல் விட்டதில் புழு வைத்துவிட்டது. ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்ததை அவன் மறக்கவே இல்லை. கால் பிழைத்தது. கரும்புக் கொல்லையில் இறங்கி வெட்டுகிற தெம்பு மட்டும் திரும்பவில்லை. மக்காச்சோளக் களம் ஒன்றில் காவலுக்குப் போனான். நடவுக்கூலியையும் கோழிகளையும் கொண்டு அடுப்பு எரியப் பார்த்துக்கொண்டவள் கண்ணகிதான்.

"வெறும் நொய்யும் சோளமும் போட்டா பத்தாதும்மா. புரதச்சத்து கம்மி. அதான் இறகப் புடுங்கித் திங்குது," என்றார் மாட்டாஸ்பத்திரி டாக்டரம்மா.

முன்பு பானையில் சாணியும் பழைய கோணியும் திணித்து ஏரிமேட்டில் கவிழ்த்து வைத்தால் கரையான் கட்டும். குஞ்சுகளுக்கு அதைவிட நல்ல தீனி இல்லை. கரையைச் செப்பனிட்டு மண்ணடித்ததில் அந்த மேடும் போய்விட்டது. கம்பெனித் தீவனம் அவள் கைக்கு எட்டாது.

உளுந்தூர்பேட்டை சந்தையில்தான் அவள் ராதிகாவைப் பார்த்தாள். திருநாவலூர்ப் பக்கம் சொந்த நிலத்தில் பயிர் வைக்கிற குடும்பத்துப் பெண். அவள் கூடையிலிருந்த குஞ்சுகள் இறகு மினுக்க நின்றன. கண்ணகி கூச்சப்படாமல் கேட்டுவிட்டாள்.

"இன்னா தீனிம்மா போடுறீங்க?"

"புழுக்கா. மீல்வார்ம்னு பேரு. வூட்லயே வளக்குறோம். வந்தீங்கன்னா தரேன்."

அடுத்த வாரமே பஸ் ஏறிவிட்டாள். அகலமான பிளாஸ்டிக் டப்பில் கோதுமைத் தவிடு. அதற்குள் தீக்குச்சி நீளத்துக்குப் பொன்னிறப் புழுக்கள்.

"தவுட்டுலயே கெடக்கும், தவுட்டையே திங்கும்," என்றாள் ராதிகா. "தண்ணி மட்டும் ஊத்திடாதீங்க. பரங்கிக்காத் துண்டு போட்டா அந்த ஈரமே போதும். கூட்டுப்புழுவாயி அசையாம கெடக்குறத தனியா பொறுக்கி வெச்சிடுங்க, இல்லன்னா மத்தது கடிச்சிடும். அது கறுப்பு வண்டா மாறி முட்டை வெக்கும். அப்புறம் ஒங்களுக்குப் புழுவுக்குப் பஞ்சமில்ல."

கண்ணகி ஒரு டப்பாவில் வாங்கிவந்து கட்டிலுக்கடியில் வைத்தாள். வீரமணியிடம் சமயம் பார்த்துச் சொல்லலாம் என்றிருந்தாள். சமயம் வருவதற்குள் செருப்பைத் தேடிக் குனிந்தவன் டப்பாவை இழுத்துத் திறந்துவிட்டான். அப்படியே தரையில் உட்கார்ந்தான்.

"இன்னாடி இது?"

"கோழிக்குத் தீனி."

"புழுவ கொண்டாந்து வூட்டுக்குள்ள வெச்சிக்கினு இருக்கியா? எங் கால்ல நெளிஞ்சத பாத்தவ தான நீ?"

அவன் கத்தியிருந்தால் அவளும் கத்தியிருப்பாள். அவன் கத்தவில்லை. மூடியை அழுத்தி மூடி, டப்பாவை அவள் பக்கம் தள்ளினான். கண்ணகி அதைக் குனிந்து எடுத்துக்கொண்டாள்.

"வெளிய வெச்சிக்கிறேன். ஆனா வுட மாட்டேன்யா."

வாசலோரத் தகரச் சாய்ப்புக்குக் கீழே வைத்த டப்பாவில் நாலு நாளில் எறும்பு ஏறியது. பாதிக்குமேல் போய்விட்டது. மிச்சத்தைப் பொறுக்கியெடுத்து, செங்கல்லை நீர் ஊற்றிய தாம்பாளத்தின் நடுவில் நிறுத்தி, அதன்மேல் டப்பாவை வைத்தாள். எறும்பு நின்றது. சித்திரை பிறந்ததும் வெயில் வந்தது. ஒருநாள் களையெடுத்துவிட்டு வந்து திறந்தால், தகரத்தின் அனலில் புழுவெல்லாம் கறுத்து விறைத்துக் கிடந்தன. அவற்றைக் கோழிகளுக்குக் கொட்டிவிட்டு, வெறும் டப்பாவைக் கழுவிக் கவிழ்த்தாள்.

மறுபடி திருநாவலூர் போனபோது ராதிகாவே தயங்கினாள். "எங்களுக்குக் கல்லுத் தரை, ஃபேன் ஓடுது. நீங்க எங்கக்கா வெப்பீங்க? வெயில் தணியட்டுமே."

"அது தணியற வரைக்கும் குஞ்சுங்க ஒன்ன ஒன்னு கொத்திக்கினே இருக்குமேம்மா. நான் எடம் பண்ணிட்டு வரேன்."

இடம் அவள் மனசில் ஏற்கெனவே விழுந்திருந்தது. எத்தனை வெயிலிலும் வேப்பமரத்தடியில் கோழிகள் மண்ணைச் சீய்த்துக் குழி பறித்து அதில் வயிற்றை அழுத்திப் படுத்தன. கையை வைத்துப் பார்த்தாள். அடிமண் குளுகுளுவென்றிருந்தது. வேலை விட்டு வந்த சாயங்காலங்களில் கடப்பாரையால் தோண்டினாள். வேரும் சுக்கான் கல்லும் மல்லுக்கு நின்றன. உள்ளங்கை கொப்புளித்து உடைந்தது. துணியைச் சுற்றிக்கொண்டு தோண்டினாள். தெருவில் கழிவறை கட்டின கொத்தனார், விரிசல் விட்ட வட்டமான சிமெண்ட் உறை ஒன்றைக் கேட்டதும் கொடுத்துவிட்டார். அதை உருட்டிவந்து குழியில் இறக்கி, சுற்றிலும் மணல் கொட்டினாள். தினமும் அந்த மணலை மட்டும் நனைத்தாள். உள்ளே தாம்பாளம், செங்கல், டப்பு. மேலே பனையோலைத் தட்டி. பிறகு ராதிகாவிடம் போய் மறுபடி புழு வாங்கிவந்தாள்.

வீரமணி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு போனான், வந்தான்.

இந்தத் தடவை புழு பிழைத்தது. கூட்டுப்புழுவானது, வண்டானது. ஆடிக் காற்று அடிக்கும்போது தவிட்டை விலக்கினால் நூல்நூலாகச் சின்னப் புழுக்கள் நெளிந்தன. ஆவணியில் பொரித்த குஞ்சுகளுக்குக் காலையில் ஒரு கை அள்ளிப்போட்டாள். அவற்றின் முதுகில் இறகு மூடி வந்தது. கொத்துவது நின்றது. தெருப் பெண்கள் 'புழுக்காரி' என்றார்கள். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

புரட்டாசியில் கச்சிராயபாளையத்திலிருந்து தங்கை ஆண்டாளுக்குப் பிரசவ வலி என்று போன் வந்தது. போனால் ஒரு வாரமாவது ஆகும். கிளம்பும்போது கண்ணகி புருஷனிடம், "நீ அதத் தொட வேணாம். பரங்கிக்காத் துண்ட மேலேர்ந்து போட்டா போதும். முடியலன்னா வுட்டுடு. திரும்ப முதல்லேர்ந்து வளத்துக்கிறேன்," என்றாள்.

தங்கைக்குப் பெண்குழந்தை பிறந்தது. கண்ணகி ஊர் திரும்பி, பையை இறக்கிவைத்த கையோடு ஓலைத்தட்டியைத் தூக்கினாள். வாடிப்போன துண்டுகள் அப்புறப்படுத்தப்பட்டுப் புதுத்துண்டு கிடந்தது. அசையாத கூட்டுப்புழுக்களைக்கூட யாரோ பொறுக்கித் தனி டப்பாவில் வைத்திருந்தார்கள். பக்கத்தில் நீளக் காம்புக் கரண்டி ஒன்று.

வீரமணி மரத்தடியில் வந்து நின்றான்.

"மொத நாளு கண்ண மூடிக்கினு, மூச்ச அடக்கிக்கினுதான் போட்டேன். குமட்டிக்கினு வந்துச்சு. ரெண்டு நாளு கழிச்சிதான் மூச்சு வுட்டேன்." கொஞ்சம் நிறுத்தினான். "நாத்தமே இல்லடி. தவுட்டு வாசனதான் வருது. ஆஸ்பத்திரில இருந்தது இது இல்ல."

"இது இல்லதான்யா," என்றாள் அவள். அவன் காலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஐப்பசி மழையில் உறைக்குள் ஊற்று எடுத்தது. டப்பைத் தூக்கிக்கொண்டு வாசற்படிவரை வந்தவளை அவன் மறித்தான்.

"வூட்டுக்குள்ள மட்டும் வேணாம். அது எனக்கு முடியாது."

"செரி. அப்ப எங்க வெக்கறது?"

அவன் சவுக்குக் கழிகளும் பழைய தார்ப்பாயும் கொண்டுவந்து மரத்துக்கு மேற்கே பரண் போட ஆரம்பித்தான். காலைச் சாய்த்துச் சாய்த்து வைத்து அவன் கயிறு இறுக்க, டப்பு மழையில் நனையாமல் கண்ணகி அதன்மேல் முந்தானையை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். பரண் சாய்ந்தாற்போல்தான் நின்றது. ஆனால் நின்றது. இப்போது அதில் மூன்று டப்புகள் இருக்கின்றன. புழுக்காரி என்று சொன்னவர்களில் இருசம்மாள் போன வாரம் ஒரு கிண்ணத்தோடு வந்து, "எனக்குங் கொஞ்சம் குடு," என்று கேட்டாள். கண்ணகி அவளை உட்காரவைத்து, எறும்பிலிருந்து ஆரம்பித்துச் சொன்னாள்.