பேத்தியைப் படம் எடுக்க ஒரு போன்

மருந்துக் கடையில் முப்பத்தொரு வருடம் நின்றவரை, அவர் வாங்கிய பட்டயத்தை யாரும் கேட்காமலே, ஊரே 'கம்பவுண்டர்' என்று கூப்பிட்டது. கோழி கிளறியது போல எழுதும் டாக்டர்களின் சீட்டையும் ஒரு பார்வையில் படித்துவிடுவார். படித்ததோடு விடவும் மாட்டார். "யாருக்கு? வயசு என்ன? சாப்பிட்டாச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் அலமாரிப் பக்கம் திரும்புவார். அவசரக்காரர்கள் முணுமுணுத்துக்கொண்டே நிற்பார்கள்.

நாலு மாதத்துக்கு முன் ஒரு காலை சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார். ஓரத்து எண்களெல்லாம் இருந்தன, நடுவில் முள்ளைக் காணோம். கண் டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. நடுப்பார்வை போய்க்கொண்டிருக்கிறது, போனது திரும்பாது என்று சொல்லிவிட்டார். கம்பவுண்டர் அதை மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. மாப்பிள்ளைக்கு வேலை போய், மகளும் பேத்தியும் வந்து சேர்ந்திருந்த வீடு அது. இவர் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது. கண் தெரியாதவனுக்கு மருந்துக் கடையில் என்ன வேலை?

பூதக்கண்ணாடி வாங்கலாம் என்றால், கல்லாவில் அதைத் தூக்கிப் பிடித்த அன்றே குட்டு உடைந்துவிடும். அப்போதுதான் கடைக்கு வந்த ஒருவர் தன் போனில் இருந்த படத்தை இரண்டு விரலால் இழுத்துப் பெரிதாக்கிக் காட்டினார். கம்பவுண்டருக்குப் பொறி தட்டியது. இந்தக் காலத்தில் போனை முறைத்துக்கொண்டிருப்பவனை யார் சந்தேகப்படப் போகிறார்கள்?

விடுமுறை நாளில், தன்னைத் தெரியாத தெருவாகப் பார்த்து ஒரு போன் கடைக்குப் போனார். அங்கிருந்த பெண் நல்ல வியாபாரி. விலையில் ஆரம்பிக்காமல் தேவையில் ஆரம்பித்தாள்.

"எதுக்கு வேணும்னு சொல்லுங்க சார், அதுக்குத் தகுந்த மாதிரி எடுத்துக்கலாம். விளையாடுறதுக்குன்னா ஒண்ணு, நாள் பூரா சார்ஜ் நிக்கணும்னா வேற ஒண்ணு."

"பேத்தியைப் படம் எடுக்கணும்மா."

"கிட்ட வச்சு பேப்பர், புத்தகம் ஏதாவது படிப்பீங்களா?"

"அதெல்லாம் இல்லை. எனக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்கு." கண்ணைப் பற்றி அவள் கேட்கவே இல்லை.

அவள் கையிலிருந்த தடித்த போனை ஓரமாக வைத்தாள். "அப்போ இது வேண்டாம். இது பொடி எழுத்தைக் கூட உள்ளது உள்ளபடி காட்டும், ஆனா முகத்துக்கு அழகா வராது. இதைப் பாருங்க. பரு, மச்சம், புள்ளி எல்லாத்தையும் அதுவே துடைச்சிடும். அதை ஆன் பண்ணியே தர்றேன், நீங்க எதையும் தொட வேண்டாம்."

வைத்தியனிடமும் வக்கீலிடமும் பொய் சொல்லக் கூடாது என்பார்கள். போன் விற்பவர்களையும் அந்த வரிசையில் சேர்த்துவிடலாம். கேட்டதற்குத் தகுந்ததைத்தான் அவள் கொடுத்தாள், அவள்மேல் குற்றமே இல்லை.

மூன்று வாரம் வண்டி ஓடியது. மேசைக்கடியில் சீட்டைப் படம் பிடிப்பார், விரித்துப் பெரிதாக்குவார், தலையைச் சாய்த்து ஓரக்கண்ணால் படிப்பார். "கம்பவுண்டரும் போன்ல விழுந்துட்டாருப்பா" என்று கேலி செய்தார்கள். அவரும் சேர்ந்து சிரித்தார். பேத்தியை ஒரே ஒரு படம்கூட எடுத்திருக்கவில்லை.

நாலாவது வாரம், பள்ளிக்கூட வாட்ச்மேன் தன் மனைவிக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டோடு வந்தார். புது டாக்டர், ரத்த அழுத்தத்துக்குப் புது மாத்திரை. படத்தில் அளவு இருபத்தைந்து மில்லிகிராம் என்று இருந்தது. கம்பவுண்டருக்குச் சுருக்கென்றது. முதல் தடவைக்கு யாரும் இவ்வளவு எழுத மாட்டார்களே! பழைய கம்பவுண்டராக இருந்தால் அந்த நிமிடமே டாக்டரைக் கூப்பிட்டிருப்பார். இப்போது பயம். 'சீட்டைச் சரியாப் பாருங்க' என்று அவர் சொல்லிவிட்டால்? இன்னொரு தடவை விரித்துப் பார்த்தார். இரண்டும் ஐந்தும் கழுவித் துடைத்தாற்போலப் பளிச்சென்று இருந்தன. தன் அனுபவத்தை நம்பாமல் போனை நம்பி, மாத்திரையை எடுத்துக் கொடுத்தார். வயதைக் கேட்கவில்லை, வேறு எதையும் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் வாட்ச்மேன் அதே சீட்டோடு திரும்பி வந்தார். மனைவி குளியலறையில் தலைசுற்றி விழுந்து இடுப்பெலும்பு உடைந்து ஆஸ்பத்திரியில் கிடந்தாள். மாத்திரை பத்து மடங்கு கூடுதல் என்று அங்கே சொல்லியிருந்தார்கள்.

கடை முதலாளி சீட்டை வாங்கி விளக்கடியில் பிடித்தார். "ரெண்டரை அண்ணே. நடுவுல புள்ளி இருக்குதே."

கம்பவுண்டர் போனை எடுத்து அன்றைய படத்தைத் திறந்தார். எங்கே தேடியும் புள்ளி இல்லை. புள்ளியெல்லாம் அதுவே துடைச்சிடும் என்று அந்தப் பெண் சொன்னது அப்போதுதான் உறைத்தது.

"அண்ணன்மேல தப்பு இருக்காது முதலாளி," என்றார் வாட்ச்மேன். சண்டைக்கு வந்தவர் போலவே இல்லை. "டாக்டர்தான் புள்ளியை ஒழுங்கா வைக்கலை. அண்ணன் கை பட்ட மருந்துன்னா நாங்க கண்ணை மூடிட்டு முழுங்குவோம்."

முதலாளியும் அந்தப் பிடியை விடவில்லை. "அதைத்தான் நானும் சொல்றேன். டாக்டர் எழுத்து யாருக்குப் புரியுது?"

வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் போதும். வேலை இருக்கும், அடுப்பு எரியும், பழி அந்த டாக்டர் தலையில் போகும். கம்பவுண்டர் அதை நினைக்காமல் இல்லை. நினைத்தார், ரொம்ப நேரம் நினைத்தார். ஆனால் ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவள் முழுங்கியது இவர் கையால் எடுத்துக் கொடுத்த மாத்திரை.

"எனக்குக் கண்ணு தெரியலை தம்பி," என்றார். "நான்தான் தப்பாக் கொடுத்தேன்."

முதலாளி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். வாட்ச்மேனுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் குரல் தணிந்தது.

"எப்ப இருந்து?"

"நாலு மாசமா."

வாட்ச்மேன் முதலாளி கையிலிருந்து சீட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டார். "போன வருஷம் எங்க அம்மா சாகறதுக்கு முன்னாடி கடைசியா மருந்து கொடுத்தது நீங்கதானே?"

"அப்ப நல்லாத் தெரிஞ்சுது தம்பி. சத்தியமா நல்லாத் தெரிஞ்சுது."

"மூணு நாளைக்கு முன்னாடி இதே இடத்துல நின்னு கேட்டிருந்தாலும், நல்லாத் தெரியுதுன்னுதானே சொல்லியிருப்பீங்க?"

"ஆமா தம்பி," என்றார் கம்பவுண்டர்.