குழி டாக்டரின் ஆறுதல்

டாக்டரின் இரண்டு கன்னங்களிலும் இளவயதுப் பரு விட்டுப்போன குழிகள். தெருவில் அவருக்குக் குழி டாக்டர் என்றே பேர். அது அவர் காதுக்கும் எட்டியிருந்தது. கோபப்படுகிற ஆள் இல்லை. சொல்லப்போனால் அந்தக் குழிகளை வைத்தே பாதி வைத்தியம் பார்த்துவிடுவார்.

பருவோடு வருகிற பிள்ளைகளுக்கு ஒரு களிம்பு, ஒரு சோப்பு, ஒரு பேச்சு. களிம்பும் சோப்பும் ஆளுக்கு ஆள் மாறும், பேச்சு மட்டும் மாறாது. "என்னப் பாரு. எனக்கு வராத பருவா? கல்யாணம் ஆகலையா, குழந்தை பொறக்கலையா? போய்ப் படிக்கிற வேலையப் பாரு." பெற்றவர்கள் சிரிப்பார்கள். பிள்ளைகளும் சிரித்தார்களா என்று அவர் கவனித்ததில்லை.

முற்றிய பருவையும் அடக்குகிற மாத்திரை ஒன்று இருக்கிறது. அதைத் தோல் டாக்டர்தான் ஆரம்பிப்பார். குடும்ப டாக்டர் சீட்டு எழுதி அனுப்ப வேண்டும். இவர் எழுதமாட்டார். டப்பாவுக்குள் மடித்து வைத்திருக்கும் எச்சரிக்கைத் தாளை ஒரு தடவை முழுக்கப் படித்துத் தொலைத்துவிட்டார். ஈரலைப் பாதிக்கலாம், மனதைச் சோர வைக்கலாம், கர்ப்பிணி சாப்பிட்டால் சிசுவுக்கு ஆபத்து. கேவலம் ஒரு பருவுக்கு இத்தனை வம்பா என்று முடிவு கட்டிவிட்டார். பயம் நியாயம்தான். அதே கவனத்தோடு எதிரே இருந்த முகங்களையும் பார்த்திருக்கலாம்.

தெருமுனைத் தையல்காரம்மாவின் மகள் வந்தபோது அவளுக்குக் கல்லூரியில் முதல் வருடம். கன்னத்திலிருந்து கழுத்து வரை கட்டி கட்டியாகப் பரு. தலையணை உறையில் தினமும் ரத்தக்கறை படிகிறது என்று அம்மா சொன்னாள். அந்த மாத்திரையைப் பற்றிக் கேள்விப்பட்டேன் என்று பெண்ணே மெல்ல ஆரம்பித்தாள். டாக்டர் அவளை முடிக்க விடாமல் நாற்காலியை முன்னால் இழுத்து, தன் கன்னத்தைத் தட்டிக் காட்டி, வழக்கமான பேச்சைப் பேசினார். அவள் அவர் முகத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து போனாள். பெண் சமாதானமாகிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டார், பாவி மனிதர்.

மறு வருடம் தையல்காரம்மா விரலில் ஊசி ஏறி வந்தாள். கட்டுப் போட்டபடியே, பொண்ணு எப்படி, பரு போச்சா என்று சும்மா கேட்டு வைத்தார்.

"காலேஜை விட்டுட்டா டாக்டர். ரூமை விட்டே வர்றதில்ல. கடையில இருக்கிற பெரிய கண்ணாடியக்கூடத் துணி போட்டு மூடிட்டா. தச்சதப் போட்டுப் பாக்க வர்றவங்க கண்ணாடி பாக்காமலே போறாங்க."

வேறு டாக்டரிடம் போகக்கூடாதா என்றார் இவர்.

"கூப்பிட்டேன். 'இதுக்கு மருந்துன்னு ஒண்ணு இருந்தா அந்த டாக்டர் தனக்குப் போட்டிருக்க மாட்டாராம்மா'ன்னு கேட்டா."

அன்றிலிருந்து காலையில் சவரம் செய்வது அவருக்குத் தண்டனையாகிவிட்டது. கத்தி ஒவ்வொரு குழியாக இறங்கி ஏறும்போது, கண்ணாடிக்குள்ளிருந்து அந்தப் பெண் பார்ப்பாள். முன்பு அவர் முகத்தைப் பார்த்த அதே பார்வை. கண்ணை மூடினால் கத்தி கீறும். திறந்தால் அவள் இருப்பாள். சோப்பு நுரை காய்கிற வரைக்கும் அப்படியே நிற்பார். அரைகுறைத் தாடியோடு வருகிறவரைப் பார்த்து, டாக்டருக்கே உடம்பு சரியில்லை போல என்று நோயாளிகள் பேசிக்கொண்டார்கள்.

அவர் யாரிடமும் சொல்லாதது ஒன்று இருந்தது. அவர் படித்த காலத்தில் அந்த மாத்திரை இல்லை. இருந்திருந்தால் எச்சரிக்கைத் தாளையும் சேர்த்து விழுங்கியிருப்பார். வகுப்பில் சுவரோரமாகவே உட்கார்ந்து படித்தவர். கல்யாணப் படத்தில்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்பவர். அந்த மனிதர்தான் ஊரார் பிள்ளைகளிடம் என்னைப் பார் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

போய்ச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தார். சீட்டும் எழுதி வைத்தார். எந்த முகத்தோடு போவது என்று கூசி, இன்றைக்கு நாளைக்கு என்று மாதக்கணக்கில் ஆறப்போட்டார். ஒருநாள் சவரத்தைப் பாதியில் விட்டுவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு கிளம்பினார்.

வீட்டின் முன்னறைதான் கடை. அங்கே ஆளுயரக் கண்ணாடி மேல் பழைய போர்வை தொங்கியது. தையல்காரம்மா மெஷினை நிறுத்தினாள். டாக்டர் சீட்டை நீட்டி, தாழ்ந்த குரலில் சொன்னார்.

"என் காலத்துல இந்த மாத்திரை இல்லம்மா. இருந்திருந்தா முதல் ஆளா நான் சாப்பிட்டிருப்பேன். இத உங்க பொண்ணுகிட்ட நானே சொல்லணும்."

அவள் சீட்டை வாங்கவில்லை. "பரு எல்லாம் தானா அடங்கிடுச்சு டாக்டர். குழிதான் மிச்சம். அதுக்கு இந்த மாத்திரை கேக்குமா?"

கேட்காது என்று அவருக்குத் தெரியும். நீட்டிய சீட்டை மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

மெஷின் சத்தம் நின்றது உள்ளே கேட்டிருக்க வேண்டும். மூடியிருந்த கதவுக்குப் பின்னாலிருந்து, "யாரும்மா வந்திருக்கிறது?" என்று குரல் வந்தது.

தையல்காரம்மா டாக்டரின் கன்னங்களை ஒருமுறை பார்த்தாள்.

"யாருமில்லம்மா," என்றாள்.