மூடியை எத்து

கூட்ட அறையின் ஒலிபெருக்கியில் என் குரல் கேட்டது: "மெஷினை நிறுத்திட்டு மூடியை எத்துங்க." பாடத் தலைவர் மேசையைத் தட்டிச் சிரித்தார். "ஏம்மா, மெஷினை எத்தி ஒடைக்கவா சொல்லிக் குடுக்குற?" மதுரைக்காரரான அவருக்கு எத்து என்றால் உதை. பாகலூரில் பிறந்த எனக்குத் தூக்கு. கன்னடம், தெலுங்கு பேசுகிறவர்களுக்கும் அதுதான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன், அதை நினைத்தால் இன்றும் உடம்பு எரிகிறது.

ஓசூர்த் தொழிற்சாலைப் பெண்களுக்குக் கைப்பேசி வழியே பாடம் நடத்தும் நிறுவனம் அது. நான் பாடங்களைச் சிறு துண்டுகளாக்கி, ஒவ்வொன்றின் முடிவிலும் செய்துபார்க்க ஒரு வேலை வைத்திருந்தேன். உலை கொதிப்பதற்குள் ஒன்று, பிள்ளை தூங்கினால் இன்னொன்று. கைக்குழந்தையோடு நானும் அப்படித்தான் படித்தேன். அவர் ஏற்கவில்லை. "பாடம்னா சுத்தத் தமிழ்ல, ஒரு மணி நேரம், நிறுத்தாமப் பேசணும்." ஒரு பதிவில் என் மகளின் அழுகை விழுந்துவிட்டது. "புள்ளைய வளர்த்துட்டு வாம்மா" என்று வேலையை விட்டே அனுப்பிவிட்டார்.

இப்போது நான் வேலை செய்யும் அலுவலகமும் அதே பெண்களுக்குப் பாடம் நடத்துவதுதான். போன மாதம் அங்கே, எனக்கு மேலதிகாரியாகும் பதவிக்கு அவரே விண்ணப்பித்திருந்தார். மறுபடியும் அவர் கீழா? விண்ணப்பித்தவர்கள் மாதிரிப் பாடம் ஒன்று தர வேண்டும். படிக்கும் பெண்கள் பார்த்துச் சொல்வதுதான் முடிவு. அவர் என்னையே தொலைபேசியில் அழைத்தார். "ஒங்க ஆளுகளுக்கு எப்படிப் பேசுனா பிடிக்கும்மா?"

பொய் சொல்லக் கூடாதே என்று ஒரு கணம் தயங்கினேன். பொய் எதற்கு? அவர் வாக்கே இருந்ததே. "நீங்க சொல்லிக்குடுத்ததுதான் சார். சுத்தத் தமிழ்ல, ஒரு மணி நேரம், நிறுத்தாம." மகிழ்ந்துபோனார்.

மூக்கண்டப்பள்ளியில் பெண்கள் ஒரு வீட்டில் கூடி அவர் பாடத்தைப் பார்த்தார்கள். "யக்கா, இவரு எப்பத்தான் மெஷின்கிட்ட போவாரு? எனக்குக் கம்பெனி பஸ்ஸு வந்துரும்" என்றாள் ஒருத்தி. பாகலூர்க்காரி கும்பிட்டே விட்டாள்: "சாக்கு சார், சாக்கு!" எல்லோர் சம்மதத்தோடும் அவர்கள் பேச்சைப் பதிவு செய்து அலுவலகத்துக்கு அனுப்பினேன். பதவி வேறொருவருக்குப் போனது.

பெண்கள் என்னதான் சொன்னார்கள் என்று அவர் விடாமல் கேட்டார். பாகலூர்க்காரியின் குரலை மட்டும் அனுப்பினேன். உடனே பதில்: "என்னையவா சாக்குமூட்டைங்கிறாய்ங்க?"

கன்னடத்தில் சாக்கு என்றால் போதும். பாவம், சொல்லிவிடலாமா என்று தட்டச்சு செய்தேன். பிறகு ஒவ்வோர் எழுத்தாக அழித்தேன்.