இடது காதும் என் நோட்டும்

பிரஷர் குக்கரில் விசில் வருவதற்கு முன்னால் 'ஸ்ஸ்' என்று ஒரு சத்தம் வருமே, அது என் இடது காதில் எட்டு மாதமாக வந்துகொண்டிருந்தது. விசில் மட்டும் வரவில்லை. வந்திருந்தால் அடுப்பை அணைத்துவிட்டுப் போயிருப்பேன்.

காது இரைச்சலைப் பற்றி யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். முதலில் உங்கள் காதை உற்றுப் பார்ப்பார்கள். அங்கே ஒன்றும் தெரியாது. காய்ச்சல் என்றால் தொட்டுப் பார்க்கலாம், கால் முறிந்தால் மாவுக்கட்டு இருக்கும். இதற்கு என் வாய் ஒன்றுதான் சாட்சி. "அதையே நெனச்சிக்கிட்டு இருந்தா கேக்கத்தான் செய்யும்" என்றாள் மனைவி. அலுவலகத்தில் யோகா செய்யச் சொன்னார்கள். இந்த யோகா சொல்கிறவர்களை என்ன செய்வது என்றே தெரியவில்லை.

வெறும் இரைச்சல் என்றால் பொறுத்துக்கொண்டிருப்பேன். என் கவலை மகளைப் பற்றியது. அவளுக்கு ஒன்பது வயது. சைகோனில் பிறந்து, இங்கேயே வியட்நாமியப் பள்ளியில் படிக்கிறாள். அன்றைய பள்ளிக்கூடக் கதை முழுவதையும் சாப்பாட்டு மேசையில் கீச்சுக்குரலில் எனக்குத்தான் சொல்வாள். இரைச்சல் வந்ததும் முதலில் காணாமல் போனது அந்தக் குரல். என்ன, சத்தமாகச் சொல், முணுமுணுக்காதே என்று விரட்டிக்கொண்டே இருந்தேன். ஒரு நாள், "தமிழ ஒழுங்காப் பேசத் தெரியாதா உனக்கு" என்று கத்திவிட்டேன். மறுநாளிலிருந்து கதை அம்மாவிடம் போய்விட்டது. அவர்கள் இருவரும் சமையலறையில் சிரிப்பார்கள், நான் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அந்தக் கதை எனக்குத் திரும்ப வேண்டும். அதற்காகத்தான் இத்தனை அலைச்சலும்.

எனக்கு வேலை ஊரின் ஓரத்தில், தூ டுக் என்ற பகுதியில் ஒரு மின்னணு ஆலையில், தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில். ஒரு கருவி பழுதானால் மூலகாரணத்தைக் கண்டுபிடிக்கும் வரை விடமாட்டேன். ஒவ்வொரு பழுதுக்கும் ஐந்து முறை 'ஏன்' கேள் என்று எனக்குக் கீழே இருப்பவர்களின் உயிரை வாங்குகிறவன் நான். அதனால் காதுக்கும் ஒரு நோட்டுப் போட்டேன். பக்கத்தை இரண்டாகப் பிரித்துக் கோடு கிழித்து, ஒரு பக்கம் 'சத்தம்', இன்னொரு பக்கம் 'ஓய்வு' என்று மணி வாரியாக எழுதிவந்தேன். சத்தத்தின் பக்கம் நிரம்பி வழிந்தது: ஹாரன், தெருமுனையில் கட்டடவேலை, எதிர்க்கடையின் விளம்பர ஒலிபெருக்கி. ஓய்வின் பக்கத்தில் தூக்கம், குளியல், மாலையில் கோயில்.

பட்டியலில் முதலிடம் பக்கத்து வீட்டு அம்மாளின் கரோக்கேவுக்கு. அவரிடம் சக்கரம் வைத்த ஸ்பீக்கர் ஒன்று உண்டு. இந்த ஊரில் அது இல்லாத சந்து கிடையாது. ஞாயிறு மதியம் சாப்பாடு முடிந்ததும் ஆரம்பித்துவிடுவார். எங்கள் வீட்டுக்கு இடப்புறச் சுவர் அவருடையது. இடது சுவர், இடது காது. மூலகாரணம் பிடிபட்டுவிட்டது என்று துள்ளினேன். நேரில் போய்ச் சண்டை போட என் வியட்நாமிய மொழி போதாது. மகளை அழைத்துக்கொண்டு போய், சந்துக்குப் பொறுப்பான பெரியவரிடம் புகார் சொன்னேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டே மொழிபெயர்த்தாள். ஸ்பீக்கர் நின்றது. அந்த அம்மாள் அவளுக்குக் கொடுத்தனுப்பும் வாழைப்பழப் பலகாரமும் நின்றது. இரைச்சல் நிற்கவில்லை.

பிறகு வைத்தியம். மருந்துக்கடையில் ஐந்து நிற மாத்திரைகளை வேளைக்கு ஒரு குட்டிப் பிளாஸ்டிக் பையாகக் கட்டிக் கொடுத்தார்கள். எது எதற்கு என்று கேட்டால், எல்லாம் காதுக்குத்தான் என்றார்கள். விழுங்கினேன், வயிறு எரிந்தது. அடுத்து, முடிதிருத்தும் கடையில் காது சுத்தம் செய்கிறவரிடம் போனேன். இந்த ஊரில் அது ஒரு தனிக்கலை. சாய்வு நாற்காலியில் படுக்கவைத்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, மெல்லிய கரண்டியாலும் இறகாலும் குடைந்தார். பாதியில் தூங்கியே போனேன். எழுந்து தெருவுக்கு வந்தால் இரைச்சல் முன்னைவிடத் தெளிவாகக் கேட்டது. ஊரிலுள்ள சொந்தக்காரர்களின் வாட்ஸப் குழுவில் ஒரு சித்தப்பா, நல்லெண்ணெயில் பூண்டு தட்டிப்போட்டுக் காய்ச்சிக் காதில் விடச் சொன்னார். அதையும் விட்டேன். மறுநாள் அலுவலகக் கூட்டத்தில் பூண்டு ரொட்டி எங்கிருக்கிறது என்று ஒருவர் தேடினார்.

கடைசியில் மனைவிக்கே பொறுக்காமல், காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் இழுத்துப் போனாள். மொழிபெயர்க்க மகள் வந்தாள். மருத்துவர் இளம்பெண். காதுக்குள் விளக்கடித்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, எண்ணெய் எதற்கு என்பதுதான். அடைத்த அறையில் உட்காரவைத்து, காதில் ஹெட்போனை மாட்டி, சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். தாளில் வலது காதின் கோடு ஒழுங்காக ஓடியிருந்தது. இடது காதின் கோடு, கீச்சொலிகள் இருக்கும் இடத்தில் கிணற்றுக்குள் இறங்குவது போல இறங்கியிருந்தது.

இடது காதுக்கு அருகில் தினமும் பெரிய சத்தம் ஏதாவது உண்டா என்று மருத்துவர் கேட்டார். நான் நோட்டை எடுத்து சத்தத்தின் பக்கத்தை முழுவதும் படித்தேன். மகள் ஒவ்வொன்றாக மொழிபெயர்க்க, அவர் உதட்டைப் பிதுக்கிக்கொண்டே இருந்தார். நான் முடித்ததும் மகள் தானாக இன்னொரு வாக்கியம் சொன்னாள். மருத்துவர் சட்டென்று பேனாவை எடுத்து எழுதினார்.

"என்ன சொன்னே?"

"கோயில் மேளம்ப்பா."

"அது சத்தமா?" என்றேன். நிஜமாகவே கேட்டேன்.

அந்த மேளத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டுக்கு அருகில் நம் ஊர்ச் சாமிக்கு ஒரு சின்னக் கோயில். அங்கே மேளம் அடிக்க ஆள் கிடையாது. நாலு வருஷத்துக்கு முன்னால் நான்தான் காரைக்குடியில் சொல்லிவைத்து, மின்சார மேளம் ஒன்றை விமானத்தில் கொண்டுவந்தேன். சுவிட்சைப் போட்டால் முரசு, சேகண்டி, மணி மூன்றும் மோட்டாரில் தாமாக அடித்துக்கொள்ளும். இது குண்டு இல்லை, சாமி சாமான் என்று சுங்கத்தில் புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. ஓடு பதித்த சின்ன அறையில் அதை வைத்தோம். தினமும் தீபாராதனைக்கு சுவிட்ச் போடும் உரிமை எனக்கு, உபயதாரர் ஆயிற்றே. மேளத்தை ஒட்டித்தான் நிற்பேன், மணி என் இடது காதுக்கு ஒரு முழம் தள்ளி. கால்மணி நேரம் அடிக்கும். அந்தக் கால்மணி நேரத்தைத்தான் ஓய்வின் பக்கத்தில் எழுதிவைத்திருந்தேன். ஊரையெல்லாம் 'ஏன், ஏன்' என்று கேட்டவன், அதை ஒரு முறைகூடக் கேட்கவில்லை.

நூற்றுக்கு நூறு அதுதான் என்று சொல்ல முடியாது, ஆனால் சந்தேகம் அதன்மேல்தான் என்றார் மருத்துவர். போன செவி திரும்பாது, இதற்கு மாத்திரையும் இல்லை. பெரிய சத்தத்திலிருந்து விலகி இருக்க வேண்டும். அதற்காக ஒரேயடியாக நிசப்தத்திலும் இருக்கக் கூடாது. மெல்லிய சத்தம் ஏதாவது ஓடிக்கொண்டிருந்தால், நாளாவட்டத்தில் மனம் இரைச்சலைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். எட்டு மாதம் நாயாக அலைந்ததற்குக் கிடைத்த வைத்தியம் ஒரு மேசை விசிறி. எரிச்சலாக இருந்தது. விசிறியால் கொஞ்சம் குணம் தெரிந்தது, அது அதைவிட எரிச்சல்.

பக்கத்து வீட்டு அம்மாளிடம் ஒரு டப்பா ஜாங்கிரியோடு போய் மன்னிப்புக் கேட்டேன். "கோங் சாவ்" என்றார், அதாவது பரவாயில்லை. அடுத்த ஞாயிறே ஸ்பீக்கர் வெளியே வந்துவிட்டது. அவர் குரலைப் பற்றிய என் கருத்தில் மாற்றமில்லை.

மேளத்தை நிறுத்தச் சொல்லிக் குருக்களிடம் கேட்டேன். "நீங்கதானே கொண்டுவந்தேள்? இப்ப நிறுத்தினா பூஜையில ஏதோ கொறைன்னு எல்லாரும் என்னைப் புடிச்சுப்பா" என்று மேளத்தின் முகப்பைக் காட்டினார். 'உபயம்' என்று சிவப்பு எழுத்தில் என் பெயர், மனைவி பெயர், மகள் பெயர். ஒரு வாரம் கெஞ்சிக் கூத்தாடி, அதை வெளித் தாழ்வாரத்துக்கு நகர்த்த மட்டும் சம்மதம் வாங்கினேன்.

நகர்த்தியபோது நாங்கள் வழக்கமாக நிற்கும் இடம் காலியாகத் தெரிந்தது. எனக்கு முன்னால், மணிக்கு இன்னும் அருகில் மகள் நிற்பாள். சுவிட்ச் போட்டதும் இரண்டு கையாலும் காதைப் பொத்துவாள். சாமி முன்னால் காதைப் பொத்தக் கூடாது, கும்பிடு என்று அவள் கைகளைப் பிடித்துக் கீழே இறக்கிவிடுவேன். நாலு வருஷமாக இப்படித்தான்.

மறுநாளே அவளை அதே மருத்துவரிடம் அழைத்துப் போனேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் கால்களை ஆட்டிக்கொண்டு பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தாள். இந்தப் பக்கம் நான் எல்லாச் சாமியையும், மேளம் இல்லாமல், கும்பிட்டுக்கொண்டிருந்தேன். தாள் வந்தது. இரண்டு கோடும் மேலேயே, நேராக ஓடியிருந்தன. நீ மட்டும் எப்படித் தப்பித்தாய் என்று மருத்துவர் கேட்டிருக்க வேண்டும். மகள் என்னை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே ஏதோ சொன்னாள். அவர் வாய்விட்டுச் சிரித்தார்.

வெளியே வந்ததும், என்ன சொன்னாய் என்று கேட்டேன். அவள் உதடு அசைந்தது, எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. சத்தமாகச் சொல் என்று வாய்வரை வந்ததை அடக்கிக்கொண்டு குனிந்தேன். அவள் சுற்றிக்கொண்டு என் வலது பக்கம் வந்து, காதருகே சொன்னாள்.

"நீங்க என் கைய எறக்கி விட்டுட்டு கண்ண மூடிக் கும்பிடுவீங்கல்லப்பா, அப்ப நான் மறுபடி பொத்திக்குவேன். தெனமும்."