நாய்க்கோரை

குவாக் தல்சூ முல்கோல் சதுப்பின் கரையில் பிறந்து, அதே கரையில் எழுபத்தொரு வயதில் செத்துப்போனார். இடையில் ஒரு நாள்கூட அந்தச் சதுப்பில் கால் நனைத்தவரில்லை. பிறந்த அன்று தன்னைக் குளிப்பாட்டிய தண்ணீர் அங்கே மொண்டதுதான் என்று பத்து வயதில் தெரியவந்தபோது, மூன்று நாள் கிணற்றடியை விட்டு நகராமல் குளித்தாராம். கிணறு வற்றி, அடியில் கிடந்த தவளை வெளியே வந்து போதும் என்று கையெடுத்துக் கும்பிட்ட பிறகுதான் நிறுத்தினாராம். நம்பாதவர்கள்கூட அவருடைய வெள்ளை ரப்பர் காலணியைப் பார்த்தால் நம்பிவிடுவார்கள். அந்தச் சேற்றூரில் நாற்பது வருஷமாக அதன் மேல் ஒரு பொட்டு விழுந்ததில்லை.

நகரத்தில் நான்கு வருஷம் படித்துவிட்டுத் திரும்பியவர், தன்னை எல்லோரும் ஆசிரியர் என்றுதான் கூப்பிட வேண்டும் என்று சொல்லிவிட்டார். அவரிடம் எழுத்துக் கற்றவன் என்று காட்ட ஊரில் ஒரு கோழிக்குஞ்சு கூடக் கிடையாது. ஆனாலும் கூப்பிட்டார்கள். கூப்பிடாவிட்டால் வழிமறித்து ஏன் கூப்பிட வேண்டும் என்று விளக்குவார். அதற்குள் அடுப்பில் வைத்த சோறு தீய்ந்துவிடும்.

அவர் செய்த ஒரே வேலை, பிறந்த குழந்தைகளுக்குச் சீன எழுத்தில் பெயர் பொறுக்கிக் கொடுப்பது. படகுக்காரன் மகளுக்கு 'நிலவொளி வீசும் பச்சைமணி மண்டபம்' என்று பொருள்படும்படி ஒரு பெயர் எழுதிக் கொடுத்தார். தாளைப் பெட்டிக்குள் பூட்டி வைத்தார்கள். மண்டபம் பெட்டிக்குள் இருக்க, பெண் வெளியே பூசணி என்ற பெயரில் வளர்ந்து கல்யாணமும் ஆகிப்போனாள். தல்சூவுக்கு அதில் வருத்தமில்லை. பெயர் சரியாக இருக்கிறது, பெண்தான் பெயருக்கு ஏற்றபடி வளரவில்லை என்பது அவர் தீர்ப்பு.

வீட்டில் உலை வைத்தது அவர் மருமகள் ஓக்பூன். மகன் தூரக் கடல் மீன்பிடிக் கப்பலில் ஏறிப்போய் எட்டு வருஷம்; வருஷத்துக்கு ஒருமுறை ஒரு கடிதமும் ஒரு காய்ந்த கணவாய் மீனும் வரும். அவள் சதுப்பின் வடக்கு மூலையில் கோரை அறுத்துப் பாய் நெய்தாள். அந்தப் பாயிலிருந்துதான் அரிசி வந்தது, கிம்ச்சி ஊறுகாய்க்கு உப்பு வந்தது, மாமனாரின் காலணியை வெளுக்கும் சோப்பும் வந்தது.

சதுப்பின் புல்பூண்டுக்குப் பெயர் வைத்தவர்கள் முழங்கால் சேற்றில் நின்று வைத்தவர்கள். நல்ல புல்லைப் போலத் தோற்றம் காட்டிவிட்டுக் கைக்கு உதவாமல் போவதற்கு 'நாய்' என்று முன்னால் ஒட்டுவார்கள். தடித்து முரடாக வளர்வது 'குதிரை'. மனிதர் தின்னாமல் பறவைக்கு விடுவது 'காக்கை'. எல்லாவற்றிலும் மேலானது 'ராசா'. உடம்பெல்லாம் கொக்கிமுள் உள்ள ஒரு கொடிக்கு 'மருமகள் துடைப்பு' என்று பெயர். கொல்லைக்குப் போன மருமகள் துடைக்க இலை கேட்டால், மாமியார் பறித்து நீட்டுவது அதைத்தான் என்று அர்த்தம். மாமனார் பெயரில் மட்டும் ஒரு புல்லும் கிடையாது. எந்த மாமனார் உள்ளே இறங்கி எந்தப் புல்லின் கண்ணில் பட்டார்?

ராசக்கோரை பார்வைக்கு ராசா இல்லை. மெலிந்து நீண்டு, காற்று வந்த பக்கமெல்லாம் சாய்ந்துகொண்டிருக்கும். தண்டை விரலிடையே உருட்டினால் மூன்று விளிம்பு தட்டும். கிழித்துக் காயவைத்தால் வெளுத்து, துணி மாதிரி மடங்கும். நாய்க்கோரை அப்படியில்லை. ஆளுயரம், கட்டைவிரல் பருமன், உருண்டைத் தண்டு, உச்சியில் பழுப்புக் கொண்டை. உள்ளே முழுக்கப் பஞ்சு போன்ற சோற்றி. ஈரம் இருக்கும்வரை மினுக்கும், காய்ந்தால் பொடி. முல்கோலில் பால்பல் விழாத பெண்குழந்தைகூட உருட்டிப் பார்த்துச் சொல்லிவிடும்.

ஊருக்கு மின்கம்பி வந்த மறுவருஷம், கோடைத் தொடக்கத்தில் மாவட்ட அலுவலகத்திலிருந்து பாங் என்ற எழுத்தர் வந்தார். சதுப்பில் முளைக்கும் புல்பூண்டுகளின் பெயர், பெயருக்கு அர்த்தம், அதனால் என்ன பயன் என்று எழுதி எடுக்க வேண்டும். அது சின்னப் புத்தகமாக அச்சாகும். பயனுள்ளது நிற்கும் இடத்தை விட்டுவிடுவார்கள். பயனற்றது நிற்கும் இடத்தை, இலையுதிர் காலத்தில் தண்ணீர் வடிந்ததும் மண் கொட்டி மூடி நெல்வயலாக்குவார்கள். உத்தரவு அவ்வளவுதான்.

ஊர்த்தலைவர் அவரை நேராகத் தல்சூவிடம் அனுப்பிவைத்தார். வேறு யாரிடமாவது அனுப்பியிருந்தால் அடுத்த இரண்டு வருஷம் தெருவில் நடக்க முடிந்திருக்காது.

தல்சூ கூட்டுறவுச் சங்க அறையில் ஒரே நாற்காலியில் தான் உட்கார்ந்துகொண்டு, புல்லை அங்கே கொண்டுவரச் சொன்னார். எழுத்தரே இறங்கி அறுத்து, ஈரச் செய்தித்தாளில் சுற்றி, எந்த மூலையில் அறுத்தது என்று குறித்துக் கொண்டுவந்தார். ஆசிரியர் கையால் தொடவில்லை. சாப்பாட்டுக் குச்சி ஒன்றை வைத்துக்கொண்டு, கெட்ட மீனைப் புரட்டுவது போல ஒவ்வொன்றாகப் புரட்டி அர்த்தம் சொன்னார். மருமகள் துடைப்புக்கு மட்டும் இரண்டு பக்கம் சொன்னார். சொல்லும்போதே அப்படி ஒரு ரசிப்பு. தெற்கு மூலைக் கட்டு வந்தது. தடித்த தண்டு, பழுப்புக் கொண்டை. ஆசிரியர் நிமிர்ந்து உட்கார்ந்து, இதுதான் ராசக்கோரை, பாய்க்கு உரியது என்றார். வடக்கு மூலைக் கட்டு வந்தது. குச்சியால் ஒரு தள்ளு தள்ளி, நாய்க்கோரை, ஒன்றுக்கும் ஆகாது என்றார். எழுத்தர் எழுதினார். ஆசிரியர் இடுப்புப் பையிலிருந்து தன் பெயர் முத்திரையை எடுத்து, ஊதி, குத்தினார்.

நான்காம் நாள் காலை அரிவாளோடு போன ஓக்பூன், வடக்கு மூலையைச் சுற்றி வேலி கட்டியதுபோல் சிவப்புக் கொடிகள் நிற்பதைப் பார்த்தாள். கொடி நட்ட ஆளிடம் விசாரித்துவிட்டு நேராக வீட்டுக்கு வந்தாள். மாமனார் பார்லித் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"மாமா, வடக்கு மூலைய மூடப் போறாங்களாம். அங்க நிக்கிறது நாய்க்கோரைன்னு யாரோ தப்பா எழுதிக் குடுத்துட்டாங்க."

"யாரோ இல்ல. நான்தான்."

"தண்ட உருட்டிப் பாத்தீங்களா மாமா?"

"ராசாவ எவனாவது உருட்டிப் பாப்பானா? பாத்தாலே தெரியணும். தெக்கு மூலையில நிக்கிறது நிமிந்து நிக்குது, தலையில கிரீடம் இருக்கு. நீ அறுக்கிறது போறவன் வர்றவனுக்கெல்லாம் கும்பிடு போட்டுக்கிட்டு நிக்குது."

"வளையறதாலதான் மாமா அது பாயாகுது. எட்டு வருஷமா நாம சாப்பிடறது அதுலதான்."

"அப்ப எட்டு வருஷமா எனக்கு நாய்ச்சோறு போட்டிருக்கே." அவர் கிண்ணத்தை நீட்டினார். "இன்னும் கொஞ்சம் ஊத்து."

ஓக்பூன் ஊற்றினாள். பிறகு அலுவலகம் வரை நடந்து எழுத்தரைப் பார்த்தாள். அவர் நல்ல மனிதர்தான். ஆனால் தாளில் ஆசிரியரின் முத்திரை விழுந்திருந்தது. அவரே தப்பு என்று சொல்லி மறுபடி குத்தினால் ஒழிய ஒரு எழுத்தைக்கூட அசைக்க முடியாது என்றார். தல்சூ தப்பு என்று சொல்வதைவிட, சதுப்பு எழுந்து நடந்துபோய்க் கடலில் விழுவது சுலபம். ஓக்பூனுக்கு அது தெரியும். வடக்கு மூலை போனால் அடுத்த வருஷம் பாய் இல்லை. பாய் இல்லையென்றால் உலையும் இல்லை.

அந்த வருஷம் அவருக்கு அறுபது நிறைந்தது. ஊர் வழக்கப்படி, அறுபதாம் பிறந்தநாளுக்கு மருமகள் தன் கையால் நெய்த புதுப் பாயை விரிக்க, பெரியவர் அதில் உட்கார்ந்து, வரிசையாக வந்து விழுகிறவர்களின் வணக்கத்தை வாங்கிக்கொள்வார். தண்ணீர் வடிவதற்குப் பத்து நாள் முன்பு அந்த நாள் வந்தது. மழைக்காலம் முடிந்ததுமே அவர் கேட்டுவிட்டார், எந்தக் கோரையில் நெய்யப் போகிறாய் என்று.

"நீங்க எழுதிக் குடுத்த ராசக்கோரையிலதான் மாமா. தெக்கு மூலையில அறுத்துட்டேன்."

மனிதருக்கு முகம் மலர்ந்துவிட்டது. கடைசியில் புத்தி வந்ததே என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். சாட்சிக்கு இருக்கட்டும் என்று எழுத்தர் பாங்குக்கும் தன் கையாலேயே அழைப்பு எழுதினார்.

பாய் நெய்ய இரண்டு பேர் வேண்டும். அக்கம்பக்கத்தில் ஓக்பூனுக்குத் துணை, கல்மேட்டிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்து எல்லோருக்கும் கல்மேட்டுக்காரியாகவே ஆகிப்போன விதவை. தண்டு காயக் காய உடைந்ததால், இருவரும் ஈரத்தோடு நெய்து, நனைந்த சாக்கைப் போர்த்தி வைத்திருந்தார்கள். விசேஷத்தன்று காலை முற்றத்தில் விரித்தபோது அது மீன் வயிறு போல மினுங்கியது. விருந்தாளிகளுக்குச் சுற்றிலும் ஓக்பூனின் பழைய பாய்கள்.

தல்சூ குதிரைமுடித் தொப்பியும் வெள்ளை உடையுமாக வந்து நடுவில் அமர்ந்தார். வெயிலும் வந்து அமர்ந்தது.

முதல் பத்து வணக்கம் நன்றாகப் போனது. பதினோராவதுக்குத் தலையை ஆட்டும்போது, அவருக்கு அடியில் யாரோ வறுத்த பயறு மெல்லும் சத்தம் கேட்டது. விருந்தாளிகள் மரியாதையாக வேறு பக்கம் பார்த்தார்கள். அவர் வலப்பக்கம் நகர்ந்தார். பயறு வலப்பக்கம் வந்தது. இடப்பக்கம் நகர்ந்தார்; அங்கேயும் மென்றார்கள். இருபதாவது வணக்கத்தின்போது பாயிலிருந்து வெண்பொடி கிளம்பியது. ஆசிரியர் தும்மிய தும்மலில் தொப்பி பறந்துபோய்க் கடற்பாசிச் சூப்பில் இறங்கி நின்றது. கூரைமேலிருந்த மூன்று குருவிகள் மாவட்ட எல்லையைத் தாண்டித்தான் இறக்கையை மடக்கின என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். எழுந்து பார்த்தால், பாயின் நடுவில் ஆள் உட்கார்ந்த அளவுக்கு ஓட்டை. ஓட்டைக்குள் முற்றத்து மண். அவருடைய வெள்ளைப் பின்பக்கத்தில் பாயின் மிச்சம்.

"நெய்யத் தெரியாதவ கையில குடுத்தா இப்படித்தான்" என்றார் தல்சூ.

ஓக்பூன் தலைகுனிந்து நின்றாள். கல்மேட்டுக்காரி வாயில் இருந்த அரிசிப் பணியாரத்தை நிதானமாக விழுங்கினாள்.

"அப்ப நாங்க நாப்பது பேரு உக்காந்திருக்கிற பாயெல்லாம் யாரு நெய்ஞ்சதுங்க ஆசிரியரே? வானத்துல இருந்து விழுந்துச்சா?"

எழுத்தர் தான் உட்கார்ந்திருந்த பாயைப் பார்த்தார். ஓரத்தில் கிழிக்காமல் மடித்துவிட்டிருந்த ஒரு தண்டை விரலிடையே உருட்டினார். மூன்று விளிம்பு. பிறகு ஓட்டையிலிருந்து ஒரு துண்டை எடுத்து உருட்டினார். அது உருண்டு, நசுங்கி, மாவாக விரலில் ஒட்டியது.

"ஐயா, நான் உக்காந்திருக்கிறது என்ன கோரைங்க?"

தல்சூ நாற்பது முகங்களையும் ஒரு சுற்றுப் பார்த்தார். தப்பு என்ற சொல் அவர் தொண்டைக்குள் புரண்டது. ஆனால் வெளியே வரும்போது அது வேறொருவர் தலையில் போய் உட்கார்ந்தது.

"நான் அன்னிக்கே சரியாத்தான் சொன்னேன். எழுதுறவர்தான் கட்ட மாத்தி எழுதிட்டார். சின்னப் பையன் வேலைன்னு விட்டுட்டேன்."

பாங்குக்கு வயது நாற்பத்தாறு. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், ஓக்பூனை ஒரு பார்வை பார்த்தார், கண்ணாடியை மறுபடி மாட்டினார்.

"என் தப்புதாங்க. திருத்திடலாம். முத்திரை கையில இருக்குங்களா?"

இருந்தது. அது இல்லாமல் அவர் கொல்லைக்குக்கூடப் போகமாட்டார். எழுத்தர் பையிலிருந்து தாளை எடுத்தார். தல்சூ ஊதிக் குத்திவிட்டு, கால்சட்டை மாற்ற உள்ளே போனார். வடக்கு மூலை பிழைத்தது. பின்பக்கமெல்லாம் மாவாகப் போகிறவரைப் பார்த்துக் கல்மேட்டுக்காரி கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

எழுத்தர் பேனாவை மூடவில்லை. தெற்கு மூலையில் நிற்பதை நாய்க்கோரை என்றே எழுதிவிடவா என்று பெண்களைக் கேட்டார்.

"வேணாங்க, நாய் பாவம்" என்றாள் கல்மேட்டுக்காரி. "அது ராத்திரி காவலாவது இருக்கும். தல்சூ புல்லுன்னு எழுதுங்க. நாங்க இப்ப அப்படித்தான் சொல்றோம்."

எப்போதிலிருந்து என்று கேட்டார் எழுத்தர். பணியாரம் தீர்ந்ததிலிருந்து என்றாள் அவள். அர்த்தம் என்ற கட்டத்துக்கு என்ன எழுதுவது என்று கேட்டபோது, அதுவரை வாய் திறக்காத ஓக்பூன் சொன்னாள்; அவர் சொல்லுக்குச் சொல் எழுதிக்கொண்டார்.

தெற்கு மூலை மண்ணுக்கடியில் போனது. அடுத்த வசந்தத்தில் புத்தகம் வந்தது. முப்பத்திரண்டாம் பக்கத்தில் தன் பெயரைப் பார்த்த தல்சூ, அன்று சாப்பிடவில்லை, சந்தோஷத்தில் சோறு இறங்கவில்லையாம். முல்கோலில் பிறந்த எவன் பெயரும் அதற்குமுன் அச்சில் ஏறியதில்லை. கேட்டவர்களையும் கேட்காதவர்களையும் எட்டிப் பிடித்து நிறுத்தி வாசித்துக் காட்டுவார்:

"தல்சூ புல். நிமிர்ந்து நிற்கும். வளையாது. யாரும் எதற்கும் எடுப்பதில்லை."

வாசித்துவிட்டுப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு படித்தவனின் நேர்மையை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா என்று கேட்பார். வளையாதவன், எவனும் தன் காரியத்துக்குப் பயன்படுத்திக்கொள்ள முடியாதவன். மாவட்ட அலுவலகத்தில் அறிவுள்ளவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள் என்பார். பதினொரு வருஷம் இதே பாராயணம். அந்தப் பக்கம் மட்டும் கையழுக்கு ஏறிக் கறுத்துப்போனது.

கேட்கும்போதெல்லாம் ஓக்பூன், "ஆமா மாமா" என்பாள். வடக்கு மூலைக் கோரையில் அவள் நெய்து போட்ட பாயின் மேல் உட்கார்ந்துதான் அவர் வாசிப்பார். அது ஒரு சத்தமும் போடாது.